அடித்த பெயருக்குக் கீழே

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
4 ஜூலை 1938

சேசு மரி சூசை

மதிப்பிற்குரிய ஆராவமுதன் அவர்களுக்கு,

நேற்று நான் ஓஸ்வால்ட் சாமியாரோடு கோவிலுக்குள் சண்டை போட்டேன் என்று தெருவெல்லாம் பேச்சு. தங்கள் காதுக்கும் வந்திருக்கும். அது சரியல்ல. கோவிலுக்குள் அல்ல, வெளியே படியில். சண்டையும் அல்ல. அவர் வாசித்த பட்டியலில் ஒரு பிழை இருந்தது, அதைச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் மெதுவாகப் பேச வேண்டும் என்றுதான் கான்வென்டில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மெதுவாகத்தான் பேசினேன்.

விஷயம் இதுதான். பெரிய யுத்தம் முடிந்து வரும் நவம்பரில் இருபது வருஷம் ஆகிறது. யுத்தத்துக்குப் போன எங்கள் பங்கு மக்களின் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டிக் கோவில் சுவரில் பதிக்கப்போகிறார்கள். பதவி வரிசைப்படி பெயர்கள். தங்கள் பட்டாள ரிக்கார்டு ஆபீசிலிருந்து சரிபார்த்து வந்த பட்டியலைப் பூசை முடிந்ததும் சாமியார் வாசித்தார். சுபேதார்கள் முதலில். அதில் என் வீட்டுக்காரர் பெயர் வரவில்லை. விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். பிறகு ஒரு படி கீழே உள்ள ஜமேதார்கள் வந்தார்கள். ஆறாவதாக, "ஜமேதார் மதலைமுத்து."

என் கையிலிருந்த ஜெபமாலை கீழே விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள்தான் எடுத்துக்கொடுத்தார்கள். அறுபத்திரண்டு வயதில் நான் எதையும் கை தவற விட்டதில்லை.

வெளியே வந்தால் ஆர்மோனியம் வாசிக்கிறவள், பெட்டி என்று பெயர், எல்லாரும் கேட்கும்படி சொல்கிறாள்: "இன்னாங்க சுபேதாரம்மா, ஒரு ஸ்டார் எங்கியோ உழுந்துட்ச்சா? தேடிப் பாருங்க, பெஞ்சுக்கு அடியில இருக்கும்."

தாங்கள் அந்த ஆபீசின் ஹெட் கிளார்க். பஸ்ராவில் அவரோடு இருந்தவர். 1918-ல் அவர் காய்ச்சலோடு கப்பலில் திரும்பி வந்தபோது தோளில் சுபேதாருக்குரிய இரண்டு நட்சத்திரம் இருந்ததைக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் நின்று பார்த்தவள் நான். அடுத்த வருஷம் பட்டாளத்தை விட்டு வந்தார். காலமான 1931 வரை இந்தத் தெருவுக்கு அவர் சுபேதார்தான். ஏதோ ஒரு குமாஸ்தாவின் கைத்தவறு இது. திருத்திய நகலைச் சாமியாருக்கு அனுப்பிவையுங்கள். கல்வெட்டுபவர் அடுத்த மாதம் வேலையைத் தொடங்குகிறார்.

ஜெயலக்ஷ்மி அம்மாளுக்கு என் அன்பு. அவர் கொடுத்தனுப்பிய மாவடு தீர்ந்துவிட்டது. இதைக் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
பிரிஜெட்

*

மல்லேஸ்வரம்
12 ஜூலை 1938

ஸ்ரீ

சகோதரி பிரிஜெட் அம்மாள் அவர்களுக்கு ஆராவமுதன் அநேக நமஸ்காரம்.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் முழங்கால் வலிக்கு ஜெயலக்ஷ்மி ஒரு தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். மாவடுவும் வரும்.

தாங்கள் எழுதிய விஷயம். இருபது வருஷத்துக்கு முந்திய காகிதங்கள். பல கட்டுகள் பஸ்ராவிலிருந்து ஈரத்தில் வந்தவை. தேடினால் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. எனக்கு ஒன்று தோன்றுகிறது. கல்லில் பதவி எதற்கு? எல்லார் பெயரையும் வெறும் பெயராக அகர வரிசையில் வெட்டச் சொன்னால் யாருக்கும் மனக்குறை இராது. ஓஸ்வால்ட் சாமியாரிடம் நானே வந்து பேசுகிறேன்.

மதலைமுத்து எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அது கல்லில் எழுதி வருவதில்லை.

தங்கள்,
ஆராவமுதன்

*

ஆஸ்டின் டவுன்
14 ஜூலை 1938

சேசு மரி சூசை

மதிப்பிற்குரிய ஆராவமுதன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

நான் கேட்டது, ரிக்கார்டு சரியா தவறா என்று. தாங்கள் எழுதியிருப்பது ஈரத்தையும் தைலத்தையும். பதினெட்டு வருஷம் பெண் பிள்ளைகளுக்குக் கணக்கும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விடை தெரியாத பிள்ளை எப்படி எழுதும், தெரிந்தும் சொல்லப் பயப்படுகிற பிள்ளை எப்படி எழுதும் என்ற வித்தியாசம் எனக்குத் தெரியும். தாங்கள் இரண்டாவது ஜாதி.

பதவியை எடுத்துவிட்டு எல்லாரையும் அகர வரிசையில் போடலாம் என்கிறீர்கள். ஒருவருக்குச் சேரவேண்டியதைக் கொடுக்க மனமில்லாதபோது எல்லாரிடமிருந்தும் பிடுங்கிவிடுவது ஒரு வழிதான். எனக்கு அது வேண்டாம்.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். அவருடைய சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து, நியமனங்கள் எழுதிய பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். நேரில் வர வேண்டாம். நேரில் வந்தால் காப்பி குடித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

இப்படிக்கு,
பிரிஜெட்

*

மல்லேஸ்வரம்
30 ஜூலை 1938

ஸ்ரீ

சகோதரி அவர்களுக்கு,

தாங்கள் கேட்டபடி அந்தப் பக்கத்தில் இருப்பதை எழுதுகிறேன்.

"ஜமேதார் மதலைமுத்து, 19 பிப்ரவரி 1917 முதல் சுபேதாராக நியமனம்." இதன் மேல் குறுக்கே சிவப்பு மைக் கோடு. பக்கத்தில்: "ரத்து. சம்பந்தப்பட்டவரின் விண்ணப்பத்தின் பேரில். 2 ஜூன் 1919."

விண்ணப்பம் அதே கட்டில் தைத்திருக்கிறது. அவர் கையெழுத்து. இரண்டே வாக்கியம். "இந்த நியமனம் என்னுடையதல்ல, காலஞ்சென்ற ஜமேதார் டொமினிக் அவர்களுடையது. என் பெயரிலிருந்து இதை நீக்கி அவர் பெயரில் ஏற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இனி மறைத்துப் பயனில்லை. அந்தப் பிழையைச் செய்த குமாஸ்தா நான்தான்.

அந்தப் பிப்ரவரியில் டைக்ரிஸ் ஆற்றின் குறுக்கே படகுப்பாலம் கட்டினார்கள். குண்டுமழைக்கு நடுவில் முதல் படகை அக்கரை சேர்த்தவர் டொமினிக். அவரைச் சுபேதாராக நியமிக்கச் சொல்லி காப்டன் எழுதினார். 19-ந் தேதியிலிருந்து என்று மேலே ஒப்புதலும் ஆயிற்று. 23-ந் தேதி டொமினிக் ஆற்றோடு போனார். உத்தரவு பஸ்ராவில் என் மேஜைக்கு வந்தது மார்ச் மாதம். அதற்குள் நான் பட்டியலில் டொமினிக்கின் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தேன். அடித்த பெயரில் நியமனம் ஏற்றினால் மேலிருந்து திட்டு வரும் என்று பயம். ஒரு இடம் காலியானால் பட்டியலில் அடுத்தவருக்கு அது போவது எங்கள் வழக்கம். நான் அந்த வழக்கத்தை இதற்கும் போட்டு, உத்தரவை அடித்த பெயருக்குக் கீழே இருந்த பெயரில் ஏற்றினேன். அது மதலைமுத்து. காப்டனும் அதே மாதம் இறந்துவிட்டார். கேட்க ஆளில்லை. செத்தவர் நான்கு நாள் உயிரோடு சுபேதாராக இருந்தார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

1919-ல் டிஸ்சார்ஜ் காகிதத்துக்காக வந்தபோது மதலைமுத்து மூல உத்தரவைப் பார்த்துவிட்டார். அங்கேயே நின்றபடி காகிதம் கேட்டு எழுதினார். "யோசித்துச் செய்யும், வீட்டில் சொன்னீரா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை மறக்கவில்லை.

"ஊட்ல சொல்லாத சாமி. அவ என் பேரை வாயால சொல்லமாட்டா. பால்காரன்கிட்ட, சாமியார்கிட்ட, எல்லார்கிட்டயும் 'சுபேதார் வந்தாரு, சுபேதார் போனாரு'ன்னுதான் சொல்றா. அதையும் புடுங்கிட்டா என்னை இன்னான்னு சொல்லுவா? ஆபீஸ்ல சரியா இருக்கட்டும். ஊட்ல அப்படியே இருக்கட்டும்."

அவர் விண்ணப்பத்தில் பாதியைத்தான் நிறைவேற்றினேன். அவர் பெயரில் இருந்ததை நீக்கினேன். டொமினிக் பெயரில் ஏற்ற வேண்டுமானால், முதலில் ஏன் ஏற்றவில்லை என்று மேலே விளக்கம் எழுத வேண்டும். அப்போது எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், வேலை போய்விடும் என்று பயம். பிறகு செய்யலாம் என்று வைத்தேன். பிறகு என்பது பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

எனக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. தாங்கள் இதைப் பெரிதுபடுத்தாமல் விடுவீர்கள் என்று மட்டும் நம்புகிறேன்.

ஆராவமுதன்

*

ஆஸ்டின் டவுன்
17 ஆகஸ்ட் 1938

சேசு மரி சூசை

ஆராவமுதன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. முதல் நாலு நாள் நான் பூசைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அது பொய். இந்தப் பங்கில் நான் சொன்ன முதல் பொய் என்று எழுத நினைத்தேன், ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

என் கணவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. எதை எழுதினாலும் என்னிடம் காட்டி, "தப்பு இருக்குதா பாரு" என்று கேட்கிறவர். இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் காட்டவில்லை. நான் தாங்கமாட்டேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவர் நினைத்தது சரிதான் என்பதை அந்த நாலு நாளில் கண்டுகொண்டேன். அதைத்தான் அதிகம் மன்னிக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் எழுந்து குளித்துவிட்டு ஓஸ்வால்ட் சாமியாரிடம் போனேன். என் கணவர் பெயருக்கு முன் ஜமேதார் என்று வெட்டுங்கள், பட்டியல் சரி, நான்தான் தவறு என்றேன். படியில்தான் நின்று சொன்னேன். பெட்டியும் இருந்தாள். அவள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். ஏதாவது சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு நேற்று முன்தினம், தேவமாதா மோட்சமேறிய திருநாளன்று, டொமினிக்கின் விதவை கேத்தரினின் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். மாதர் சபைப் பெயர்ப் பட்டியலை எழுதுகிறவள் நான். பத்தொன்பது வருஷமாக அவள் பெயரை என் பெயருக்குக் கீழேதான் எழுதுவேன். ஒருமுறை கூட்டத்தில் அவள் குறுக்கே பேசியபோது, "பெரியவர்கள் பேசும்போது காத்திரு" என்றேன். எனக்கும் அவளுக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். நான் பெரியவள் என்றது வயதை அல்ல.

நான் உட்காரவில்லை. தாங்கள் எழுதியதை நின்றபடியே வாசித்துக் காட்டினேன். அவள் அழுவாள், அல்லது என்னை வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அப்போ அவரு சொன்னது நெஜந்தானா?" என்றாள்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

பீரோவைத் திறந்து துணிக்கடியிலிருந்து இரண்டு காகிதம் எடுத்தாள். ஒன்று டொமினிக் 1917 பிப்ரவரி 20-ந் தேதி எழுதிய கடைசிக் கடிதம். "கேத்தி, நேற்று காப்டன் எல்லார் முன்னாலும் என்னைச் சுபேதார் என்று கூப்பிட்டார். இனிமேல் உறை மேல் அப்படியே எழுது, நான் பார்க்க வேண்டும்" என்று இருந்தது.

இன்னொன்று, அவள் அதற்குப் பதிலாக எழுதிய கடிதம். பிரிக்காத உறை. சாவுச் செய்தி இங்கே வருவதற்கு முன் அவள் அனுப்பியது, சாவுச் செய்திக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறது. "சுபேதார் டொமினிக்" என்று அவள் கோணல் எழுத்தில் இங்கிலீஷில் எழுதியதன் குறுக்கே, சிவப்பு மையில், "இந்தப் பெயரில் சுபேதார் எவரும் இல்லை."

"நான் அவரு பெருமைக்குப் பொய் சொல்லிட்டாருன்னு நெனச்சிக்கினேன்கா," என்றாள். "சாவறதுக்கு மூணு நாள் முன்னால இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்னு இருபது வருஷமா அவர் மேல கோவம். பசங்ககிட்ட கூட இதைக் காட்டல. செத்தவரு மானத்தை ஏன் வாங்கணும்னு."

நான் அந்த உறையைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். தங்கள் இரண்டு கடிதங்களும், இங்கிலீஷில் விலாசம் எழுதிய உறைகளோடு, என் பையில் இருந்தன. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன். அதே கையெழுத்து.

தாங்கள் என் கணவரைப் பற்றி எழுதியதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்தேன். இந்த உறையைச் சொல்லவில்லை. மறந்திருக்கலாம். ஒரு நாளைக்கு நூறு உறை வந்திருக்கும், நூறிலும் எதையாவது எழுதித் திருப்பியிருப்பீர்கள். தாங்கள் மறந்தது, ஒரு பெண் இருபது வருஷம் தன் புருஷனைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம்.

கேத்தரினுக்கு இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான் அல்ல.

டொமினிக்கின் கடிதத்தையும் உறையையும் என் கையால் நகல் எடுத்து, ஓஸ்வால்ட் சாமியாரின் கையொப்பத்தோடு இத்துடன் வைத்திருக்கிறேன். மூலம் கேத்தரினிடமே இருக்கும். 19 பிப்ரவரி 1917 முதல் டொமினிக்கைச் சுபேதாராக நியமித்ததை அவர் பெயரில் ஏற்றும்படி கேத்தரின் கையெழுத்துப் போட்ட விண்ணப்பமும் உள்ளே இருக்கிறது. அதை எழுதியது நான். பிழை பார்த்துவிட்டேன். காப்டனின் சிபாரிசும் என் கணவரின் விண்ணப்பமும் தங்கள் கட்டில் இருக்கின்றன. அவற்றோடு சேர்த்து, தாமதத்துக்கான காரணத்தையும் எழுதி, மேலே வைப்பது தங்கள் வேலை. தாங்கள் வைக்காவிட்டால், ஒன்றாந் தேதி நானே மேலதிகாரியின் அறைக்குத் தங்கள் கடிதங்களோடு வருவேன்.

ஏழு மாதம் பாக்கி இருக்கிறது என்பதை மறக்கவில்லை. ஜெயலக்ஷ்மி அம்மாளையும் மறக்கவில்லை. அவரிடம் தாங்களே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் வாயால் கேட்டால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

கல்வெட்டுபவர், டொமினிக்கின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, ஜமேதார்களின் பெயர்களை முடித்துவிட்டார். மேலே சுபேதார்களின் வரிசையில் ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் 15 வரைதான் காத்திருப்பார்.

வீட்டுக்கு வர வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். விண்ணப்பம் எந்தத் தேதியில் மேலே போனது என்பதை எழுத்தில் பதிலாக அனுப்பவும்.

பிரிஜெட்