எங்க நாடும் நம்ம நாடும்

றொசல்ல,
9.4.2006

அன்பு மகள் லோஜினிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், டென்மார்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, மறுபடியும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறேன் என்று அடம் பிடிக்கிறாள். உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தோம். வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் பென்சனையும் ஆஸ்பத்திரியையும் தின்னுகிறார்கள் என்று சொல்லும் கட்சிக்கு அங்கே ஓட்டு கூடுகிறது என்றும், முதியோர் இல்லத்தில் நீ குளிப்பாட்டி விடுகிற இங்கர் அம்மாவே அந்தக் கட்சிதான் என்றும், உன் கையைப் பிடித்துக்கொண்டே இது எங்கள் நாடு, நீ எப்போது ஊருக்குப் போவாய் என்று கேட்டார் என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம் என்கிறவர்களிடம் பிரஜாவுரிமை கேட்பானேன் என்று மாப்பிள்ளை சொல்கிறாராம். அந்த அம்மா மேல் கோபப்படாதே மகள், பந்தியில் முதலில் உட்கார்ந்தவர்களுக்குப் பின்னால் நிற்கிறவர்களைக் கண்டால் சோறு தீர்ந்துவிடுமோ என்று பயம் வரும், பரிமாறுகிறவளே நீதான் என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

இங்கே நடந்ததைக் கேள். எங்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்து, வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்து, போன மாதம்தான் பிரதேச சபைத் தேர்தலில் எங்களுக்கு முதல் ஓட்டு. வட்டவளையில் பேக்கரி வைத்திருக்கும் சுமனபால முதலாளியை உனக்குத் தெரியும், தேர்தலுக்குத் தேர்தல் மேடையேறி, இது எங்க நாடு, தோட்டத்து ஆளுகளை இந்தியாவுக்குக் கப்பலேத்தணும் என்று நல்ல தமிழிலேயே பேசுவார். இந்தத் தடவை அவரே வேட்பாளர். ஒருநாள் சாயங்காலம் நம் லயத்து வீட்டுக்கு வந்து கைகூப்பி நின்றார். முத்துலிங்கம் ஐயா, இது நம்ம நாடு, நம்ம ரோட்டை நாமதான் போடணும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி, எங்க நாடு எப்ப நம்ம நாடு ஆச்சு என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சிங்களத்துல ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான் ஐயா, அதான் கொழம்பிட்டேன் என்றார். அம்மா சிரித்துக்கொண்டே பிளேன்டீ கொடுத்தாள், குடித்துவிட்டு, உடைந்த தண்ணீர்க் குழாயையும் பார்த்துவிட்டுப் போனார்.

ஓட்டுப் போடுகிற அன்று அம்மா கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினாள். ஓட்டுப் போடத்தானே போறோம் என்றேன். இத்தனை வருசம் கூப்பிடாதவங்க கூப்பிட்டிருக்காங்க, சும்மாவா போறது என்றாள். யாருக்குப் போட்டாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. முதலாளி தோற்றுவிட்டார், மனதில் உள்ளதெல்லாம் மாறிவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன், ஆனால் கடையில் இப்போது என்னைப் பார்த்தால் ஐயா என்று எழுந்து நிற்கிறார். இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொல். கெஞ்சிக் கேட்பதற்காக இல்லை, நாளைக்கு அவர்கள் உங்கள் வாசலுக்கு வந்து கேட்க வேண்டும் என்பதற்காக நீங்கள் அந்தப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைப் போடுங்கள்.

பேத்திக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. வருடப் பிறப்பன்று விளக்கேற்றி ஏதாவது ஒரு இனிப்பாவது செய். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். பதிலில் நீளமாக ஒன்றும் வேண்டாம், போட்டுவிட்டோம் அப்பா என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
முத்துலிங்கம்