மாடிப்படியில் முப்பத்தைந்து நிமிடம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அத்தா இறந்து இன்றோடு பதினைந்து நாள். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் ஓர் இட்லி, ராத்திரி கஞ்சி. பேச்சுதான் குறைந்துவிட்டது. இத்தா முடிய டிசம்பர் பன்னிரண்டு ஆகும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் கணக்குச் சொன்னார். நாலு மாதம் பத்து நாள் அம்மா வாசல் தாண்ட முடியாது. அதுவரை நான் இங்கேயே இருக்கிறேன். இங்கிருந்தே சத்திரப்பட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பஸ் ராஜபாளையத்தில் நம் தெருமுனை வழியாகத்தான் போகிறது. உங்கள் மாடி அறை ஜன்னலில் நீல வெளிச்சம் தெரிகிறது.

நீங்கள் போன் செய்தால் நான் எடுப்பதில்லை என்று தம்பி நவாஸிடம் வருத்தப்பட்டீர்களாம். நம் இரண்டு போனிலும் பேசுவது, எழுதுவது, எடுக்கும் படம் எல்லாம் தானாக அந்த அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நீங்கள்தான் பெருமையாகச் சொன்னீர்கள். "ஒண்ணு விடாம இருக்கும் ரமீஜா. நாம மறந்தாலும் அது மறக்காது." இப்போது நான் சொல்ல வேண்டியது அங்கே போய்ச் சேர வேண்டாம். அதனால்தான் தாள். பன்னிரண்டு கிலோமீட்டர் வர மூன்று நாளாகும். பரவாயில்லை.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் அக்கா பேச்சோடு பேச்சாக, "ஒம் மாப்ள வீட்டோட சர்வர் வச்சிருக்காராம்ல. சம்பளம் எம்புட்டுக் குடுக்காரு? சாப்பாடும் போடுதியளா?" என்று கேட்டார். பதினைந்து நாளில் அம்மா அப்போதுதான் சிரித்தார்கள். ஹோட்டல் சர்வர் இல்லை, கம்ப்யூட்டர் என்று விளக்கினேன். "அப்ப அது யாருக்குப் பரிமாறும்?" என்றார்.

ஆறாம் தேதி காலையில் அம்மா போன் செய்த பிறகு நான் உங்கள் அறைக்கு வெளியே நின்றேன். அத்தாவை உயிரோடு பார்க்கவில்லை. இதைப் பற்றி நாம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் தொடங்குங்கள்.

உங்கள்,
ரமீஜா

*

ராஜபாளையம்,
30 ஆகஸ்ட் 2025

அன்பு ரமீஜாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பேனா வாங்கக் கடைக்குப் போனேன்.

அறை அநேகமாக முடிந்துவிட்டது. சர்வர் நிற்கும் இரும்பு ராக்கைச் சுவரோடு முடுக்கியாயிற்று. எலக்ட்ரீஷியன் பேச்சிமுத்து அண்ணன் எர்த்துக்குத் தனிக் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டிருக்கிறார். "தம்பி, வாரம் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க. ஊத்தலைன்னா மெசினு உங்களைக் கிட்ட அண்ட விடாது" என்றார். ஊற்றி வருகிறேன்.

நீ கேட்டதால் சர்வரில் உள்ள பதிவை எடுத்துப் பார்த்தேன். மாமி உனக்குப் போன் செய்தது 10.51. படிக்கட்டுக் கேமராவில் நீ வந்தது 10.58. நான் கதவைத் திறந்தது 11.33. கதவில் ஒரு சென்சார் இருக்கிறது, விரலால் ஒரு தட்டு தட்டினாலும் பதியும். அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் ஒன்றும் பதியவில்லை. நீ தட்டவில்லை ரமீஜா.

குற்றம் சொல்ல எழுதவில்லை. நடந்தது இதுதான் என்று சொல்கிறேன். நான் வேலையில் இருந்தேன், கதவுக்கு மேல் விளக்கு சிவப்பாக இருந்தது. தெரிந்திருந்தால் ஒரு நிமிடம் உள்ளே உட்கார்ந்திருப்பேனா?

மாமிக்கு ஸலாம் சொல்.

அன்புடன்,
ஆபித்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
9 செப்டம்பர் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கணக்கு சரி. நான் தட்டவில்லை என்பதும் சரி. ஏன் தட்டவில்லை என்பது பதிவில் இருக்காது. அதை நான் சொல்கிறேன்.

ஏப்ரல் மாதம் நீங்கள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோது டீயோடு உள்ளே வந்துவிட்டேன். நீங்கள் திட்டவில்லை. மறுநாள் கதவுக்கு மேல் விளக்கு வந்தது. என் போனுக்கு ஒரு பட்டியல் வந்தது. பச்சை என்றால் வரலாம். மஞ்சள் என்றால் மெதுவாகத் தட்டலாம். சிவப்பு என்றால், வீடு தீப்பிடித்தால் மட்டும்.

நீங்கள் விளையாட்டாக எழுதியிருக்கலாம். நான் பேண்டேஜ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் தரம் பார்க்கிற வேலையில் இருப்பவள். எழுதிக் கொடுத்ததை எழுதியபடி செய்வதுதான் என் பழக்கம். அன்று கம்பெனிப் பக்கம் கரண்ட் இல்லை என்று லீவு விட்டிருந்தார்கள். அம்மா போனில், "ஏட்டி, ஒங்க அத்தாவுக்கு மூச்சு இழுக்கு. ரெண்டு பேரும் சுருக்கா வாங்க" என்று மட்டும் சொன்னார்கள். வீடு தீப்பிடிக்கவில்லை.

கார்ச் சாவி உங்கள் அறையில் இருந்தது. இரண்டு முறை போன் செய்தேன். சிவப்பு எரியும்போது உங்கள் போன் ஒலிக்காது. பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். இந்த நிமிடம் மாறும், அடுத்த நிமிடம் மாறும் என்று நின்றேன். அது என் தப்பு, உங்கள் மேல் போடவில்லை. 11.50க்கு அத்தா மவுத்தானார்கள். நாம் வந்து சேர்ந்தது 12.05.

கேமராவில் என்னைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நேரத்தை மட்டும் பார்த்தீர்களா, படத்தையும் பார்த்தீர்களா? ஒரு தடவை முழுக்கப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

உங்கள்,
ரமீஜா

*

ராஜபாளையம்,
2 அக்டோபர் 2025

ரமீஜாவுக்கு,

பார்த்தேன். நாலு தடவை பார்த்தேன்.

நீ தோளில் பையோடு வருகிறாய். கையைக் கதவுவரை கொண்டுபோய் எடுத்துவிடுகிறாய். மூன்று முறை அப்படிச் செய்கிறாய். பதினொன்றாவது நிமிடத்தில் படியில் உட்காருகிறாய். காலில் செருப்பு இருக்கிறது. நீ அழவில்லை. கடைசிவரை விளக்கையே பார்க்கிறாய்.

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதிவிட்டேன். வேலையில் இருந்தேன் என்று எழுதினேன். இல்லை. மீட்டிங் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. ராக்குக்குப் பின்னால் ஒட்டிய விளக்குப் பட்டைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலத்தில் மட்டும் பதினாறு வகை. எந்த நீலத்தில் போட்டோ நன்றாக விழும் என்று ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தேன். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் வெளிச்சம் கெட்டுவிடும் என்றுதான் சிவப்பைப் போட்டேன். என்னைப் போல வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. அதில் படத்தை ஏற்றினேன். ஏற்றிய நேரம் 11.31.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தபோது இதைச் சொல்ல நினைத்தேன். ஆண்கள் பக்கம் உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

என்ன எழுதி முடிப்பதென்று தெரியவில்லை. நீ எழுது.

ஆபித்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
18 நவம்பர் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுத ஒன்றரை மாதமாகிவிட்டது. முதல் நாள் உங்கள் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிறகு, பொய் சொன்னேன் என்று நீங்களாக எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரும் கேட்காமல் எழுதியிருக்கிறீர்கள். இத்தா முடிந்ததும் வரலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அறையை எடுக்கச் சொல்ல மாட்டேன். அந்த விளக்கு மட்டும் வேண்டாம்.

ஓர் உதவி வேண்டும். நேற்று அம்மா, "அவிய முகம் வருது, சத்தம் வரமாட்டேங்குது. நாலு மாசத்துல மறந்துருமாட்டி?" என்று கேட்டார்கள். அத்தா குரல் எங்கள் யாரிடமும் இல்லை. அப்போதுதான் நம் வாசல் கேமரா நினைவுக்கு வந்தது. எங்கள் செருப்புக் கடைக்குச் சரக்கு எடுக்க ராஜபாளையம் வருகிற வியாழக்கிழமையெல்லாம் அத்தா அதற்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தானே பேசுவார்கள்? "மாப்ள, நாந்தான் மைதீன் பிச்சை. ஒங்க மெசினுக்கு ஆள் அடையாளம் தெரியுதா? தெரிஞ்சா தொறக்கச் சொல்லுங்க, காலு கடுக்குது." இரண்டு வருஷத்து வியாழக்கிழமை அதில் இருக்கும். எடுத்து வையுங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காத்திருக்கிறார்கள்.

உங்கள்,
ரமீஜா

*

ராஜபாளையம்,
18 நவம்பர் 2025

அன்பு ரமீஜாவுக்கு,

உன் பதில் வரவில்லை. இனி வராது என்று நினைத்துக்கொண்டேன். அதனால் இன்று ஒரு காரியம் செய்தேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். வாசல், படிக்கட்டு, போன், எல்லாம். திரும்ப எடுக்க முடியாதபடி டிஸ்க்குகளில் ஓட்டை போட்டாயிற்று. பேச்சிமுத்து அண்ணன்தான் டிரில் கொண்டுவந்தார். "புதுச் சாமானு தம்பி. இப்படி ஓட்ட போடுறதுக்கா என்னையக் குழி தோண்டச் சொன்னிய?" என்றார். நான் டிஸ்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

ராக் வெறுமையாக நிற்கிறது. கதவுக்கு மேல் இருந்த விளக்கையும் கழற்றிவிட்டேன். உனக்காகத்தான் செய்தேன். இனி நம் வீட்டில் எதுவும் பதியாது. நீ போனில் பேசலாம்.

அன்புடன்,
ஆபித்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
22 நவம்பர் 2025

மச்சானுக்கு,

என் கடிதம் உங்களுக்கு வந்திருக்கும். உங்கள் கடிதம் நேற்று வந்தது. இரண்டிலும் ஒரே தேதி.

அம்மா கேட்டதை அறியாமல்தான் அழித்தீர்கள். ஆனால் மெசின் கெட்டுப்போனது என்று நான் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். டிசம்பர் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வாருங்கள். நடந்ததை நீங்களே சொல்லுங்கள்.

ரமீஜா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
15 டிசம்பர் 2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வந்ததற்கும் சொன்னதற்கும் நன்றி. ஒன்றையும் மறைக்கவில்லை. பதினாறு நீலத்தையும் சொன்னீர்கள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்கள். "அவிய சத்தம் போனது போகட்டும் மாப்ள. தெரியாமத்தானே செஞ்சிய. எனக்கு அல்லாஹ் வச்சது அம்புட்டுத்தான். எம் மக படியில ஒக்காந்திருந்தாள்ல, அத ஏன் அழிச்சிய?" என்றார்கள்.

நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே, "ரமீஜாவுக்காகத்தான் மாமி" என்றீர்கள்.

மூன்று நாளாக அதையே யோசிக்கிறேன். நான் கேட்கவில்லை மச்சான். நான் தட்டவில்லை என்பதற்கு அது சாட்சியாக இருந்தபோது, நேரத்தோடு எடுத்து எழுதினீர்கள். நீங்கள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்குச் சாட்சியானதும் டிரில் கொண்டுவரச் சொன்னீர்கள். அந்த முப்பத்தைந்து நிமிடம் என்னுடையது. நான் அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கையை மூன்று முறை எடுத்தேன் என்பதே நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் தனியாக இருந்து பார்த்தீர்கள், தனியாக இருந்து முடிவு செய்தீர்கள். அன்றும் அப்படித்தான் நான் வெளியே இருந்தேன்.

நேற்று அம்மா, "போறியாட்டி?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "கடையத் தொறக்கணும்ல, ஆளு வேணும்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நவாஸ் வந்து என் துணிகளை எடுத்துக்கொள்வான். ஜமாஅத்தில் பேச வேண்டியதை அவசரமில்லாமல் பேசுவோம். உங்களைப் பற்றி யாரிடமும் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

வாசல் பூட்டுக்குச் சாவி கிடையாது, நம் இரண்டு பேர் விரல்தான். என் வலது கட்டைவிரல் அந்தப் பூட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை அழித்துவிடுங்கள். இதை நான் கேட்டுச் செய்கிறீர்கள்.

ரமீஜா