எனக்கு நன்மரண மன்றாட்டு வேண்டாம்

குருநகர்

அன்பு மகன் நிருஷனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் லண்டனில் நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் சுகம்தான், நம்பாவிட்டால் போ. கதைக்கத் தொடங்கினாலே நீ அழுகிறாய், அதனால்தான் இதை எழுதி உன் தங்கச்சி லவீனாவைக் கொண்டு படமெடுத்து அனுப்புகிறேன். அகதி வழக்கை விட்டுவிட்டு வாறன் என்கிறாயாம், அந்தக் கதையை முதலில் நிறுத்து. எல்லாம் உன் யசிந்தா மாமி செய்த வேலை. ஈரலில் கட்டி என்று காதில் விழுந்ததும் புற்றுநோய் என்று தானே முடிவெடுத்து, உனக்கும் சொல்லி, அன்று பின்னேரமே செபக்கூட்டத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா. நான் குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருக்க, விறாந்தையில் மெழுகுதிரி கொளுத்தி, சாகக் கிடப்பவர்களுக்குச் சொல்லும் நன்மரண மன்றாட்டைத் தொடங்கிவிட்டார்கள்! நண்டுக் கையோடு போய், "நான் இன்னும் சாகேல்லை, வேணுமெண்டா என்ரை சுகத்துக்குச் செபியுங்கோ, இல்லாட்டி வந்து தேங்காய் திருவுங்கோ" என்றேன். அப்பா சிரிப்பை அடக்க ஏலாமல் வலையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டார்.

உண்மையைக் கேள். ஸ்கான் பார்த்த டொக்டர், இது புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ந்து இரைப்பையை அமத்துகிறது, அதுதான் சாப்பிட்டவுடன் நோகிறது என்றார். வயிற்றை நீட்டுக்கு வெட்டுவதில்லையாம், சின்னத் துளைகள் போட்டு, கமராவை உள்ளே விட்டு, ரீவியில் பார்த்தபடி கட்டியிருக்கிற ஈரல் துண்டை மட்டும் எடுப்பார்களாம். இரத்தம் கூடுதலாகப் போனால் வெட்டித் திறக்கவும் வேண்டி வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஓம் என்று கையெழுத்து வைத்தது நான்தான், அப்பாவிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. வயிறு என்னுடையது.

பயமில்லை என்று பொய் எழுத மாட்டேன் மகன். பயம்தான், உன்னைப் பார்க்க வேணும் போலவும் கிடக்கிறது. ஆனால் நீ இப்போது வந்தால் திரும்பிப் போக ஏலாது, அது உனக்கும் தெரியும். கட்டி எடுத்த இடம் ஆறிவிடும். எனக்காக நீ எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்து என் கட்டிலடியில் இருந்தால், அது எனக்குச் சாகும்வரை ஆறாது.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, சட்டத்தரணி கூப்பிட்டால் தவறவிடாதே. ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் நடத்துவார். வியாழக்கிழமை ஒப்பரேசன். நான் கண் முழித்ததும் முதலில் உன்னைக் கூப்பிட லவீனாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அறையில் இருந்து கதை. கட்டுநாயக்கா எயாப்போட்டில் வந்து நின்று கதைத்தாயோ, நான் வாய் திறக்க மாட்டேன்.

உன் பிடிவாதக்கார அம்மா,
மக்டலீன்