நாலாவது கட்டில் யாருக்கு?

அன்புள்ள இஞ்சேருங்கோவுக்கு,

நீங்கள் இருந்த காலத்திலேயே உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வாய் வரும்? பழைய கூப்பாடே இருக்கட்டும். ஒவ்வொரு வருடமும் உங்கள் திதிக்குப் பத்திரிகையில் படம் போட்டு, நாலு வரி நினைவஞ்சலி அடிப்போம். இந்த ஆறாவது வருடம் படத்துக்குக் கீழே என்னுடைய கடிதத்தையே போடச் சொல்லிவிட்டேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும், எனக்கு ஒரு செய்தியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் மகள் மயூரி ஓடிப்போகப் போகிறாள்.

பதறாதீர்கள். இன்றைக்கு இல்லை, செப்டெம்பரில். இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு. அந்த நேரத்தையும் அவளேதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமையில் யாரடி தாலி கட்டுவார்கள் என்று கேட்டேன். சனி ஞாயிறில் அந்த ஏரிக்கரையில் சனம் கூடவாம், செவ்வாயில் ஒரு காக்கையும் வராதாம்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஓடுகிற பெட்டை வழக்கமாகத் தலையணைக்குக் கீழே ஒரு துண்டுக் கடிதம் வைத்துவிட்டுப் போவாள். இவள் ஒரு ஃபைல் வைத்திருக்கிறாள். நிறம் நிறமாகத் தாள் பிரித்து, ரயில் எப்போது, பஸ் எங்கே, மழை பெய்தால் என்ன செய்வது என்று எல்லாம் அடுக்கியிருக்கிறாள். காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை வேறு எப்படி ஓடுவாள், சொல்லுங்கள்?

மாப்பிள்ளை அருண். புதுச்சேரிக் குடும்பம், இங்கே பிறந்து வளர்ந்தவர். என்னை ‘அத்தை’ என்று கூப்பிடுகிறார். எங்கள் பக்கத்தில் மாமி என்றுதான் சொல்வது தம்பி என்று திருத்தித் திருத்தி எனக்கே அலுத்துவிட்டது. தாய் தகப்பன் பென்சன் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கே போய்விட்டார்கள், தையில் அங்கே ஒரு விருந்து வைப்பார்களாம். நல்ல பிள்ளை. மலை ஏறுவதில் பைத்தியம், அது ஒன்றுதான் குறை.

முதலில் திரான்சி மெரியில், அதுதான் நகரசபைக் கந்தோரில், கையெழுத்து. அது சட்டம், அதைத் தாண்டி ஓட முடியாது. பிறகு ஆல்ப்ஸ் மலையில் ஒரு தேசியப் பூங்காவில், அந்த ஏரிக்கரையில் தாலி கட்டு. பூங்கா என்றதும் நான் ஊஞ்சலும் சறுக்கு மரமும் நினைத்தேன். இல்லையாம். நாள் முழுக்க நடந்தாலும் எல்லை வராத மலைக்குத்தான் அந்தப் பேராம்.

அங்கே என்னென்ன செய்யலாம் என்று மயூரி பூங்காக் கந்தோருக்கு எழுதிக் கேட்டிருந்தாள். வந்த பதிலை எனக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னாள். நெருப்பு மூட்டக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது. நாய் கூடாது, பாட்டுப் பெட்டி கூடாது. நாலைந்து பேர் நாற்காலி மேசை இல்லாமல், சத்தம் போடாமல் நின்று கலியாணம் செய்வதென்றால் செய்துகொள்ளலாம்.

“நெருப்பு இல்லாமல் என்னடி கலியாணம்?”

“மேலை சூரியன் நிக்குதுதானே அம்மா. அதைவிடப் பெரிய நெருப்போ உங்கடை ஓமக் குண்டம்?”

“அறுகரிசி போடலாமோ எண்டு கேள்.”

கேட்டாள். வெளியிலிருந்து தானியம் கொண்டுவந்து கொட்டவும் கூடாதாம். அங்கே மர்மொத் என்று ஒரு பிராணி இருக்கிறது, பூனை அளவில் கொழுத்துப்போய், ஆட்களைக் கண்டால் எழும்பி நின்று விசில் அடிக்குமாம். மேளம் இல்லாத குறைக்கு அதாவது ஊதட்டும் என்றேன். அது கெட்டிமேளத்தின் நேரம் பார்த்து ஊதுமா என்று எனக்கு இன்னும் ஒரு யோசனை இருக்கிறது.

இப்படிச் சிரித்துக்கொண்டு ஃபைலைப் புரட்டியபோதுதான் அந்தச் சிவப்புத் தாளைப் பார்த்தேன். முதல் நாள் இரவு மலைவிடுதியில் படுக்கப் பதிந்த தாள். அதில் நாலு கட்டில் என்று இருந்தது. மயூரி ஒன்று, அருண் ஒன்று. படம் பிடிக்க அவளோடு வேலை செய்கிற ஒரு பிள்ளை வருகிறாள், அது மூன்று. நாலாவது யாருக்கு?

நான் கேட்கவில்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரே ஒரு பிள்ளை. அதன் கலியாணத்துக்குத் தாயைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றாதா? வா என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு ஃபைலை மூடினேன்.

நான் இப்போதும் லா சப்பலில் அதே கடையில்தான் நிற்கிறேன். மணவறை வாடகை, மாலை, கூறைச்சீலை, தாம்பாளம் எல்லாம் உள்ள கடை. இந்த ஊரில் பாதிக் கலியாணத்தின் தட்டு என் கையால்தான் போகிறது. தாலிக்கொடி வைக்கிற தட்டை நான் அடுக்கினால் தேங்காய் ஒரு அங்குலமும் சரியாது. ஆனால் கடையில் அடுக்குவதோடு என் வேலை முடிந்துவிடும். மண்டபத்தில் அதைத் தூக்குவது வேறு கைகள்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போய் இரண்டு வருடத்தில் உங்கள் அண்ணையின் மகனுக்குக் கலியாணம் நடந்தது. தாலித் தட்டை நான்தான் அடுக்கினேன். அடுக்கிய கையோடு, யோசிக்காமல், தூக்கிக்கொண்டு மணவறைப் பக்கம் நடந்துவிட்டேன். எத்தனை வருடப் பழக்கம்! பாதி வழியில் ஒரு மனிசி வந்து கையைப் பிடித்தா. “இதை இஞ்சை தாரும் கமலா. நீர் பின்னுக்குப் போய் இரும்.” கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புருசன் இல்லாதவள் தாலியைத் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேரை அப்படித் தள்ளி நிறுத்தியிருப்பேன்.

சமையல் கூடத்துப் பக்கம் போய் நின்று பலகாரப் பை கட்டினேன். கொஞ்ச நேரத்தில் மயூரி வந்தாள். அந்தப் பட்டுச் சீலையோடு எனக்குப் பக்கத்தில் நின்று அவளும் கட்டினாள். தாலி கட்டுகிற மேளம் கேட்டது, நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை. பிள்ளைக்குப் பசி போல, அதுதான் சாப்பாட்டுப் பக்கம் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பாருங்கள் என் புத்தியை.

போன சனிக்கிழமை உங்கள் அண்ணை கடைக்கு வந்தார். கடை நிறையச் சனம். மெரிக்குப் பாஸ்போர்ட் விஷயமாகப் போயிருக்கிறார். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள், இன்னாரும் இன்னாரும் கலியாணம் செய்யப்போகிறார்கள், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று ஒட்டியிருந்ததாம். பெறாமகளின் பேரை அதில் வாசித்துவிட்டு அப்படியே ரயில் ஏறி வந்திருக்கிறார். ஓடிப்போகிறவர்களின் பேரை அரசாங்கமே வாசலில் ஒட்டுகிற நாடு இது.

“கமலா, உமக்குத் தெரியுமோ?”

“ஓம் அத்தான்.”

“எந்த மண்டபம்?”

“மண்டபம் இல்லை. மலை.”

அவருக்கு விளங்க வைக்கப் பத்து நிமிடம் எடுத்தது. கூறைச்சீலை பார்க்க வந்தவர்கள் சீலையை விட்டுவிட்டு எங்களைத்தான் பார்த்தார்கள்.

“அப்ப தாரை வார்க்கிறது ஆர்?” என்று கேட்டார். “தம்பி இல்லாத இடத்திலை நானும் மனிசியும்தானே முன்னுக்கு நிக்கவேணும்? அது என்ரை கடமையெல்லோ? இவ ஆரிட்டையிருந்து ஓடுறா? நாங்கள் என்ன மறிச்சனாங்களோ?”

அவர் கண் கலங்கிப்போனார். கெட்ட மனிசன் இல்லை, உங்களுக்குத் தெரியும். உங்களைத் தூக்கிக் கொண்டுபோன அன்று பெட்டியை விட்டுக் கை எடுக்காதவர். எனக்கும் அந்தக் கேள்வி கொழுவிக்கொண்டது. யாரும் மறிக்கவில்லை. மாப்பிள்ளையில் குறை இல்லை. பிறகு இவள் யாரிடமிருந்து ஓடுகிறாள்?

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். அந்தச் சப்பாத்தும் அவள் வாங்கித் தந்ததுதான், மலிவு விற்பனையில் கிடைத்தது என்று. அடிப்பக்கம் உழவு மெஷின் சில்லுப் போல இருக்கும். ஈஸ்டரில் இருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் போட்டுக்கொண்டு மொன்மார்த்ர் குன்றின் படிகளில் ஏறி இறங்க வைக்கிறாள். சீனி வியாதிக்கு நல்லது என்றாள், நம்பினேன்.

“பெரியப்பா கடையிலை வந்து அழுறார். மண்டபம் எடுத்தால் உனக்கு என்ன குறைஞ்சு போகும்?”

மயூரி பிரெஞ்சில் என்னவோ வேகமாகச் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. “தமிழிலை சொல்லடி!” என்று கத்தினேன்.

“மண்டபம் எடுத்தால் பெரியப்பாவும் பெரியம்மாவும் முன்னுக்கு இருப்பினம். நீங்கள் பின்னுக்கு நிண்டு பலகாரம் கட்டுவியள். நான் பாத்தனான் அம்மா. நான் ஒருத்தரிட்டையிருந்தும் ஓடேல்லை. அந்தக் கலியாணத்திலையிருந்துதான் ஓடுறன்.”

நான் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.

“தாலித் தட்டை நீங்கள்தான் தூக்கித் தரவேணும். அங்கை உங்களைப் பின்னுக்குப் போ எண்டு சொல்ல ஒரு சனமும் இருக்காது. நாலாவது கட்டில் உங்களுக்குத்தான் பதிஞ்சனான்.”

“அதை முதலே சொன்னால் என்ன?”

“சொன்னால் வரமாட்டன் எண்டுவியள். படியிலை ஏறப் பழகின பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

விசர்ப் பெட்டை! விசர்ப் பெட்டை என்று இரண்டு தரம் சொன்னேன். பிறகு இருந்து அழுதேன். அவளும் அழுதாள். நீங்கள் இருந்திருந்தால் எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்திருப்பீர்கள்.

சந்தோசத்தில் மட்டும் அழுதேன் என்று நினைக்காதீர்கள். பயத்திலும்தான். என் கையால் கொடுத்த தாலி, நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஏதும் வந்துவிட்டால்? இதை மயூரியிடம் சொன்னால் சிரிப்பாள். உங்களிடம் சொல்லலாம். இந்த ஆறு நாளும் இதைத்தான் போட்டுப் புரட்டிக்கொண்டு இருக்கிறேன். இந்த விதியை யார் போட்டது? நீங்கள் செத்ததில் என் கை என்ன பிழை செய்தது? உங்களுக்கு மருந்து எடுத்துத் தந்ததும், கடைசியில் வாய் துடைத்துவிட்டதும் இதே கைதானே. கடையில் நான் தொட்டு அடுக்கிய தட்டுகளில் எத்தனை தாலி போயிருக்கும்? அவர்கள் எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள், ஞாயிறுகளில் பிள்ளைகளோடு கடைக்கு வருகிறார்கள். அப்படியென்றால் கடையில் ஒன்றும் செய்யாத கை, மண்டபத்து வாசலைத் தாண்டியதும் எப்படிக் கெட்டுப்போகிறது? இரண்டாயிரம் மீற்றருக்கு மேலேயும் அந்த விதி ஏறி வருமா? நீங்கள் இப்போது இருக்கிற இடத்தில் யாரிடமாவது விசாரித்துச் சொல்ல முடியுமா?

பதில் வராது என்று தெரியும். அதனால் நானே முடிவு எடுத்தேன். உங்கள் அண்ணையிடமும் நேற்று நானே போய்ச் சொன்னேன், யாரும் போய் மூட்டிவிட முதல்.

“அத்தான், தட்டு நான் தூக்கப்போறன். உங்களுக்கு மனம் நொந்தால் மன்னியுங்கோ.”

அவர் வெகு நேரம் சோபாவின் கைப்பிடியையே தடவிக்கொண்டு இருந்தார். அவரின் மனிசி, அக்கா, எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்துவிட்டு அவரைப் பார்த்தா. கடைசியில் கேட்டார், “மலைக்குக் கீழை கார் விடுற இடம் ஏதும் இருக்கோ?”

“இருக்கும்.”

“அப்ப நானும் அக்காவும் அதிலை நிக்கிறம். மேலை வரேல்லை. இறங்கி வரேக்கை பிள்ளையளுக்குப் பசிக்குமெல்லோ. பலகாரம் கட்டிக்கொண்டு வாறம்.”

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். மயூரியிடம் இதை இன்னும் சொல்லவில்லை, என்ன சொல்வாளோ தெரியாது. கார் நிற்கிற இடம் பூங்கா எல்லைக்கு வெளியேதானாம், அங்கே எத்தனை பேரும் நிற்கலாம். அதை மட்டும் ஃபைலில் பார்த்து வைத்திருக்கிறேன்.

தட்டு கடையில் இருந்தே எடுத்தேன். பெரிய தாம்பாளம் முதுகுப் பைக்குள் போகாது, சாப்பாட்டுப் பீங்கான் அளவில் ஒரு சின்ன வெள்ளித் தட்டு. மஞ்சள், குங்குமம், வெற்றிலை, ஒரு தேங்காய். தேங்காயை மேலே உடைக்க மாட்டேன், பயப்பட வேண்டாம். அப்படியே திரும்பக் கொண்டுவருவேன். நேற்று வீட்டில் அடுக்கிப் பார்த்தேன், அதைத் தூக்கிக்கொண்டு குசினியில் இருந்து உங்கள் படம் வரைக்கும் நடந்தும் பார்த்தேன். தேங்காய் விழவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு நீங்கள் எங்கே நின்றாலும் அந்த ஏரிப் பக்கம் ஒருக்கால் பாருங்கள். கத்தரிப்பூச் சீலையும் உழவு மெஷின் சப்பாத்துமாக ஒருத்தி நிற்பாள். வாக்குத் தருகிறேன், இந்த முறை யார் வந்து கையைப் பிடித்தாலும் தட்டை விடமாட்டேன், பின்னுக்குப் போகவும் மாட்டேன்.

இப்பவும் உங்கட மனிசி,
கமலா