காபி குடிக்காத ஒரு காலை

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவின் உடம்பைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். "நாளைக்கு உனக்கு வரன் பாக்கறப்போ சுகர் குடும்பம்னு சொல்லிடுவாங்கடி" என்பாள். நான் இன்னும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பெரியம்மா, விடிய இன்னும் நேரமிருக்கிறது. முதல் ஷிப்டுக்குப் போகும் அப்பாவுக்காக அம்மா ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிவிட்டாள். டிகாஷன் வாசனை கதவிடுக்கு வழியாக வந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

பொழிச்சலூரில் உங்கள் மொட்டை மாடியில் வடாம் காயப்போடும்போது அந்தக் கதையைச் சொன்னீர்கள். அண்ணா உங்கள் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை ஏறி, தினமும் ஊசி போட்டுக்கொண்ட கதை. "புள்ள பொறந்தான், சுகர்..." என்றீர்கள். தலைக்கு மேல் விமானம் வந்தது. கையைத் தூக்கியபடி அது போகும்வரை நின்று, "...போச்சு" என்று முடித்தீர்கள். அதன் பிறகும் ஒவ்வொரு வருஷமும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். நீங்கள் போகவே இல்லை.

ஒரே ஒரு முறை நான் இழுத்துக்கொண்டு போனேன். லேபில் ரத்தம் எடுக்கும் அக்கா கேட்டார்: "வெறும் வயித்துலதானே வந்தீங்க ஆன்ட்டி?"

"பச்சைத் தண்ணி பல்லுல படல. காபி மட்டும்தான்."

"அப்போ இன்னைக்கு எடுக்க முடியாது. நாளைக்கு வாங்க."

"காபி இன்னா சாப்பாடா? நல்ல கூத்தா கீதே!" என்றீர்கள். இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து எதிர் ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டோம். அந்த "நாளைக்கு" வரவே இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷின் மேலேயே நீங்கள் சாய்ந்தபோதுதான், சர்க்கரை எத்தனையோ வருஷமாக உள்ளே இருந்து இதயத்தைக் கெடுத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

உங்கள் காரியத்தன்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "எனக்கும் இவ வயித்துல இருந்தப்போ சுகர் இருந்துச்சே." இவள் என்றால் நான். நான் பிறந்த பிறகு அம்மாவும் ஒரு முறைகூட ரத்தம் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான்தான் அம்மாவுக்கு நோயைக் கொடுத்தேனோ என்று பயம். அம்மாவும் உங்களைப் போலப் போய்விடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

நச்சரித்து நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். சேலையூர் லேபுக்குப் போக வேண்டிய காலையில் அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"பால் எங்கடி?"

"கீழ் வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டேன்."

"பைத்தியமா உனக்கு? ஒரு வாய் காபிதானே, அது என்ன சாப்பாடா?"

அச்சு அசல் உங்கள் பேச்சு. "பெரியம்மாவும் இதையேதான் சொன்னாங்கம்மா" என்றேன். அம்மா ஃபிரிட்ஜை மூடிவிட்டுச் செருப்பைப் போட்டாள்.

வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. காத்திருந்த நேரமெல்லாம் தலைவலி என்று என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். மாலையில் டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்தார். "இன்னும் சுகர் வரல, ஆனா பார்டர்ல இருக்கீங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. நடங்க, சாதத்தைக் குறைங்க. இனிமே எல்லாம் சரியா இருந்தாலும் வருஷா வருஷம் வந்து பாத்துடணும்."

நான் கேட்டே விட்டேன். "டாக்டர், என்னாலதான் அம்மாவுக்கு அப்போ சுகர் வந்துச்சா?"

அவர் சிரிக்கவில்லை. "உன்னால வரலம்மா. அவங்க உடம்புல இருந்த வாய்ப்பு, நீ வயித்துல இருந்தப்போ வெளிய தெரிஞ்சுது. அவ்ளோதான். உனக்கும் அந்த வாய்ப்பு உண்டு, நீயும் கூடவே நட."

நடந்தோம், பெரியம்மா. ஏரிக்கரையில், மழையில் குடையோடு, நாய் துரத்தினால் ஓடியும்கூட. ஆரம்பத்தில் மாடிப்படியிலேயே மூச்சு வாங்கிய அம்மா இப்போது எனக்கு முன்னால் போகிறாள். நேற்று மறுபடி ரத்தம் பார்த்தோம். நார்மல்! அம்மா லேப் வாசலிலேயே என் கன்னத்தைக் கிள்ளி, "எங்க அக்காவும் இருந்திருக்கலாம்டி" என்று சொல்லி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஜெயித்துவிட்டோம், பெரியம்மா.

என்னிடம் உங்கள் சிரிப்பு இருக்கிறது. உங்கள் கை அசைவும் இருக்கிறதாம், அம்மா சொல்கிறாள். உங்கள் உடம்பின் அந்த வாய்ப்பும் எனக்குள் இருக்கலாம். முன்பு அதை நினைத்தாலே பயமாக இருக்கும். இப்போது அது என்ன, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு எனக்கு ஒரு குழந்தை பிறந்தால், அதன் பிறகும் வருஷா வருஷம் நான்...

அம்மா கதவைத் தட்டுகிறாள். "எழுந்துட்டியா இல்லையாடி? நான் ஷூ போட்டு நிக்கிறேன், வா!"