ஏழாம் பாடம்: இரண்டு மதிப்பெண் கேள்வி

ஜூன் 24

அன்புள்ள பஞ்சுவுக்கு,

நலம். உன் நலத்துக்கு என்ன குறைச்சல், பாடநூல் அலுவலகத்துச் சுழல் நாற்காலிக்காரி! பயிற்சிக் கல்லூரி விடுதியில் யார் அழுதாலும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுவாயே, அதனால்தானே உனக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தோம். இன்று எனக்காக ஒரு பாட்டம் அழ வேண்டும். போனில் சொல்ல முடியாது. நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் எரிந்து விழுவேன். எனக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தவளும் நீதான்.

போன திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் என் மகள் வாலு மேடையேறிக் கவிதை ஒப்பிக்க வேண்டியிருந்தது. இந்த வருடம் என் ஐந்தாம் வகுப்பில்தான் இருக்கிறாள். பள்ளியில் நான் மிஸ், வீட்டில்தான் அம்மா. வரிசையில் நிற்கும்போது என் கையை இழுத்தாள். "மிஸ், அவசரம். ஓடிப் போயிட்டு வந்துடறேன்."

எனக்குக் கேட்டது. ஆனால் பக்கத்தில் தலைமையாசிரியர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறையில் அவருக்குப் பெயரே கடிகாரம். "சொந்தப் பொண்ணுன்னா சலுகையா?" என்று ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறார். நான் காதில் விழாதவள் போல முன்னால் நின்ற பிள்ளையின் காலரைச் சரிசெய்தேன். மறுபடியும் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். சீருடை நனைந்து, காலுறை நனைந்து, மேடைப் பலகையில் சொட்டியது. முதலில் ஒருவன் சிரித்தான், அப்புறம் முந்நூறு பேரும். இறங்கி வந்து, படியோரம் கிடந்த புத்தகப் பையை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்து போனாள். ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "ஒரே சத்தமா இருந்துச்சு. அதான் உனக்குக் கேட்கல, இல்லம்மா?"

"ஆமாடா கண்ணு, கேட்கல" என்றேன்.

பச்சைப் பொய்டி. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

உன்
குண்டூசி


ஜூலை 3

அன்புக் குண்டூசிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் கண் நிறைந்தது. உன்னையே போட்டு வதைத்துக்கொள்ளாதே. செய்ததை ஒளிக்காமல் எழுதினாயே, அதற்கே எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இந்த நிகழ்ச்சியில் நாம் எல்லாரும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. கணக்கு, அறிவியல் மாதிரி, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வதையும் பாடமாக்கப் போகிறார்கள். ஐந்தாம் வகுப்புக்குச் சோதனைப் பதிப்பு ஜனவரியில் வருகிறது. புத்தகத்தின் பெயர் "பிறர் மனம்". குழுவுக்குத் தலைவி யார் தெரியுமா? அடியேன்தான்! குழுவில் மற்ற எவரும் இருபது வருடமாக வகுப்பறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எனக்கும் உன் கடிதங்கள்தான் வகுப்பறை. இப்படியே விவரமாக எழுதிக்கொண்டிரு. நீ எழுதினால் நேரில் பார்ப்பது போல இருக்கிறது.

உன்
பஞ்சு


ஜனவரி 10

அன்புள்ள தலைவி பஞ்சுவுக்கு,

உன் புத்தகம் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு பயிற்சியாளரும் வந்து சேர்ந்தார். அந்தக் கூத்தைக் கேள்.

எங்கள் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கொரு காகிதத் தட்டு கொடுத்தார். அதில் அவரவர் மனதின் முகத்தை வரைய வேண்டுமாம். பிறகு கண்ணை மூடி உள்ளே இருக்கும் குழந்தையைக் கூப்பிடச் சொன்னார். மணி இரண்டு, இன்னும் சாப்பாடு வரவில்லை. "எனக்குள்ள குழந்தை இல்ல சார், பசிதான் இருக்கு" என்றார் கணக்கு டீச்சர். கடைசியில் பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். என் பக்கத்தில் யார்? கடிகாரம்! நல்ல வேளை, "டைம் ஆச்சு" என்று அவரே எழுந்துவிட்டார்.

சிரிப்பு இத்தோடு முடிந்தது. பரிவுக்கு ஐந்து மதிப்பெண், பொறுமைக்கு ஐந்து என்று பதிவேட்டில் கட்டம் போட்டிருக்கிறீர்களே, சீ! என் வகுப்பில் ஒருத்தி வருடம் பூராவும் பக்கத்துப் பையனுக்குப் பென்சில் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது கொடுப்பதற்கு முன் நான் பார்க்கிறேனா என்று பார்க்கிறாள். முப்பத்தோராம் பக்கத்தில் மன்னிப்புக் கேட்க நான்கு படிகள் இருக்கின்றன அல்லவா? செய்ததைச் சொல், அடுத்தவர் வலியைச் சொல், காரணம் சொல், இனி என்ன செய்வாய் என்று சொல். நேற்று ஒருவன் இன்னொருவனை முழங்காலில் உதைத்துவிட்டு, "படி ஒண்ணு, நான் உதைச்சேன். படி ரெண்டு, உனக்கு வலிச்சிருக்கும்" என்று ஒப்பித்தான். நாலாவது படி முடிந்ததும் மறுபடி உதைத்தான்.

ஆனாலும் அட்டையில் உன் பெயர் இருக்கிறதே, அதற்காகப் பொறுத்துக்கொள்கிறேன். வேறு புத்தகமாக இருந்தால் முதல் நாளே முழுதும் படித்துவிடுவேன். நீ எழுதியதாயிற்றே என்று வாரம் இரண்டு பாடமாகப் பிள்ளைகளோடு சேர்ந்தே படிக்கிறேன்.

வாலு மறுபடி வாலாகிவிட்டாள். ஆண்டு விழாவில் கவிதை சொல்லத் தானாகவே பெயர் கொடுத்திருக்கிறாள். "இந்தத் தடவை நீ மேடைக்குக் கிட்டவே நில்லும்மா. கூப்பிட்டா கேட்கும்" என்றாள். ஏழு மாதமாக அந்த ஒரு பொய்யின்மேல்தான் காலூன்றி நிற்கிறாள் என்று தோன்றுகிறது. அதனால் பொய்யையும் அப்படியே விட்டுவிட்டேன்.

உன்
குண்டூசி


பிப்ரவரி 6

பஞ்சு,

இன்று ஏழாம் பாடம்.

வழக்கம்போல ஆளுக்கொரு பத்தியாகப் படிக்கச் சொன்னேன். "ஒரு சிறுமி மேடையில் கவிதை சொல்ல நின்றாள்" என்று முதல் பெஞ்சுப் பெண் ஆரம்பித்தாள். நான் சன்னல் கதவைக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். "சீருடை நனைந்து, காலுறை நனைந்து" என்று காதில் விழுந்ததும் கொக்கியில் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் படித்துக்கொண்டே போனாள். "யாரையும் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்து போனாள். ஓடவில்லை."

என் வாக்கியம்டி அது. ஒரு சொல்கூட மாற்றவில்லை நீ. பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதுமா? அன்று அந்தக் கூட்டத்தில் நின்ற பிள்ளைகள்தானே என் வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன! மற்ற முப்பத்தைந்து தலைகளும் வாலு பக்கம் திரும்பின.

அதோடு விட்டாயா? கடைசிப் பத்தி: "ஆசிரியையே அவளுடைய அம்மா. அம்மாவுக்குக் கேட்டது. ஆனால் காதில் விழாதவள் போல முன்னால் நின்ற பிள்ளையின் காலரைச் சரிசெய்தாள்." அதற்குக் கீழே நான்காவது கேள்வி: "அந்த அம்மா செய்தது சரியா? காரணம் கூறுக. 2 மதிப்பெண்."

தூ! உன்னை நம்பி நான் கொட்டியதை நீ வழித்தெடுத்து அச்சில் ஏற்றியிருக்கிறாய். அதற்கு மதிப்பெண் வேறு போட்டாயே, எப்படி மனம் வந்தது?

வாலு அழவில்லை. கையைத் தூக்கினாள், எழுந்து நின்றாள். "மிஸ், ஒரு சந்தேகம். உங்களுக்குக் கேட்டுச்சா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தை மூடி, "எல்லாரும் கணக்கு நோட்டை எடுங்க" என்றேன். அன்றும் காதில் விழாதவள், இன்றும் காதில் விழாதவள். உன்மேல் வருகிற அருவருப்பில் பாதி என்மேலேயே திரும்புகிறது, போதுமா?

மாலையில் அவளாகவே கடிகாரத்தின் அறைக்குப் போய் ஆண்டு விழாப் பட்டியலில் தன் பெயரை அடிக்கச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்குப் பதில் வேண்டும்.

குண்டூசி


பிப்ரவரி 14

அன்புக் குண்டூசிக்கு,

உன் கடிதத்தை ஏழாம் பாடத்தில் உன் அனுமதி கேட்காமல் பயன்படுத்தியது நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

அதைப் படித்தபோது உனக்கு எவ்வளவு அதிர்ச்சியாக, எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்பதை என்னால் முழுமையாக உணர முடிகிறது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குப் போக நான்கு நாள்தான் இருந்தது. குழு எழுதித் தந்த கதைகளில் உயிரே இல்லை. உன் கடிதத்தில் இருந்தது. ஒரு குடும்பத்தின் வலி ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடமாகட்டுமே என்று நினைத்தேன். உங்கள் பள்ளிக்கே சோதனைப் பதிப்பு வரும் என்று அப்போது சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. உன் ஜனவரிக் கடிதம் வந்தபோது எச்சரிக்கத் துணிவு வரவில்லை.

இனி உன்னைக் கேட்காமல் உன் எழுத்தில் ஒரு வரிகூட எடுக்க மாட்டேன். அடுத்த பதிப்பில் தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டு நூலகம் என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், தவறாக நினைக்காதே. ஆசிரியர்கள் அனுப்பிய கருத்துகளில் ஏழாம் பாடத்துக்குத்தான் அதிகப் பாராட்டு. பிள்ளைகள் அழுதார்களாம்.

உன்
பஞ்சு


பிப்ரவரி 21

பாடநூல் குழுத் தலைவி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பத்தோராம் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துத் திருத்தினேன். செய்ததைச் சொல்லியிருக்கிறீர்கள், ஒரு மதிப்பெண். என் வலியைச் சொல்லியிருக்கிறீர்கள், ஒன்று. காரணம், ஒன்று. இனிச் செய்யப் போவது, ஒன்று. நான்குக்கு நான்கு. என் வகுப்பில் உதைத்துவிட்டு ஒப்பித்தானே, அவனுக்கும் நான்குதான் போட்டேன்.

வாலு எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். ஜூலையில் எழுதிய கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் கேட்கவில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

ஏழாம் பாடம் நடந்த மறுநாள் முதல் பாடவேளையில் முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று சொன்னேன்: "நேத்து ஒரு சந்தேகம் கேட்டாங்க, நான் பதில் சொல்லல. எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. விட்டிருக்கணும், விடல. வீட்டுல வந்து கேட்கலைன்னு பொய்யும் சொன்னேன்."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "மிஸ், படி ரெண்டும் மூணும் நாலும் விட்டுப்போச்சு" என்றான். கிண்டல் இல்லை, உண்மையாகவே எடுத்துக் கொடுத்தான். அப்படித்தானே பழக்கியிருக்கிறோம்.

"வாயை மூடுடா" என்றாள் வாலு. அன்று முழுக்க அவள் பேசியது அது ஒன்றுதான்.

இப்போது என் வகுப்பில் வெளியே போக யாரும் அனுமதி கேட்பதில்லை. எழுந்து போகலாம், வரலாம். கடிகாரம் இரண்டு தடவை எழுத்துமூலம் விளக்கம் கேட்டுவிட்டார். கேட்கட்டும். வாலு காலையில் என்னோடுதான் பள்ளிக்கு வருகிறாள். கையை மட்டும் பிடித்துக்கொள்வதில்லை. ஆண்டு விழாவில் அவள் மேடையேறவில்லை.

ஏழாம் பாட விடைகளைத் திருத்தி மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி உங்கள் அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வந்திருக்கிறது. நான்காவது கேள்விக்குச் சரியா தவறா என்று சொன்னால் ஒன்று, காரணம் சொன்னால் ஒன்று என்று விடைக்குறிப்பு சொல்கிறது. என் மகள் மற்ற கேள்விகளுக்கெல்லாம் அழகாக எழுதியிருக்கிறாள். நான்காவது கேள்விக்கு எண்ணை மட்டும் போட்டு, கீழே ஐந்து வரி இடம் விட்டிருக்கிறாள். அந்த இடத்துக்கு எவ்வளவு போடுவது என்று உங்கள் குறிப்பில் இல்லை. நான் எதுவும் போடவில்லை.

இருபத்திரண்டு வருடமாக நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. என் முதல் குழந்தை செத்துப் பிறந்தது, என் வீட்டுக்காரரோடு நான் பேசாமல் இருந்த வருடம், எல்லாம். ஒன்று விடாமல் கட்டி, பள்ளி முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். உங்களுடையவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

எட்டாம் பாடத்துக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை