ஆரோனின் உடுப்பை எனக்குப் போட வந்தார்கள், அப்பா

பாசமுள்ள என் அப்பா,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. லாங்கன்தாலில் இந்த வருடத்து முதல் பனி விழுந்து, அன்று மாலையே கரைந்துவிட்டது. அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார். சபை ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு அதே வாடகை மண்டபத்தில்தான் கூடுகிறது. நான் பயந்துபோயிருக்கிறேன். உயிரோடிருப்பவர்களில் ஒருத்தியிடம் மட்டும்தான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

போன மாரியில் நீங்கள் சொல்லித்தந்த பாடங்கள் நினைவிருக்கிறதா? வாரநாளெல்லாம் தொழிற்சாலையில் இரும்பு துளைத்துவிட்டு, ஞாயிறு வந்தால் கறுப்புக் கோட்டுப் போட்டுப் போதகராக எங்கள் முன்னால் நிற்பீர்கள். அந்த மாரி முழுக்க இஸ்ரவேலின் ஆசாரியர்களைப் பற்றியே பேசினீர்கள். பலிபீடத்தில் நிற்க ஆரோனின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் உரிமை. லேவியின் மற்ற வீட்டாருக்குச் சுமக்கும் வேலை. கெர்சோன் வீட்டார் கூடாரத்தின் திரைகளை, மெராரி வீட்டார் பலகைகளையும் தூண்களையும், கோகாத் வீட்டார் பரிசுத்தப் பொருட்களைத் தோளில். அவற்றை மூடாமல் பார்த்தாலும் சாவு, தொட்டாலும் சாவு.

"ஒருத்தரும் விண்ணப்பம் போட்டு எடுத்த வேலையில்லை உது. பிறக்கேக்கையே தோளிலை ஏறின வேலை," என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆரோனின் மூத்த பிள்ளைகள் நாதாபும் அபியூவும் தப்பான நெருப்பைக் கொண்டுபோய் அந்த இடத்திலேயே செத்ததைச் சொன்னபோது, நாற்பத்தைந்து வயதில் எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

உங்கள் விரல்கள் தாமாக ஆடத் தொடங்கி அப்போதே சில வருடங்களாகியிருந்தன. திருவிருந்துத் தட்டைத் தூக்கினால் சின்னக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று முட்டும். குளிர் என்றீர்கள். பிறகு பேச்சு குழறியது. வயது என்றீர்கள். படியில் விழுந்த பிறகுதான் பேர்ன் ஆஸ்பத்திரியில் வருத்தத்தின் பெயரைச் சொன்னார்கள்: ஹன்டிங்டன். நரம்பையும் மூளையையும் மெல்ல மெல்லத் தின்னும் நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னபோது, நீங்கள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். சித்திரையில் நெஞ்சுச்சளி வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள்.

புரட்டாதியில் அருள் மாமா வீட்டுக்கு வந்தார். உங்களோடு ஆரம்பத்திலிருந்தே சபையைக் கட்டியவர், உங்கள் கூட்டாளி. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு தொடங்கினார்.

"தம்பி, ஓர் எண்டு பேருள்ள மலையிலை ஆரோன்ரை உடுப்பைக் கழட்டி மகன் எலெயாசாருக்குப் போட்டவை. பிறகுதான் ஆரோன் கண்ணை மூடினவர். உம்மடை அப்பாதான் எங்களுக்குப் படிப்பிச்சவர். இனி நீர்தான் நிக்கவேணும்."

"மாமா, நான் ரயில் திருத்திற ஆள். எனக்கு உதெல்லாம் வராது."

"எலெயாசாரிட்டை ஆர் கேட்டவை? அது உம்மடை இரத்தத்திலை இருக்கு, தம்பி."

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ டொக்டர் சொன்ன பாதிக்குப் பாதிதான் கேட்டது. சில வாரங்களாகவே என் இடக்கைச் சின்னவிரல் சொல்வழி கேட்காமல் துடித்துக்கொண்டிருந்தது. கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

அதன்பிறகு அந்த மலை என்னை விடவில்லை. ஆரோனும் தம்பியும் மகனுமாக மூன்று பேர் ஏறினார்கள், இரண்டு பேர் இறங்கினார்கள். தகப்பனின் உடல்சூடு ஆறாத உடுப்போடு எலெயாசார் இறங்கி வந்தான். அவனுக்கு எப்படி இருந்தது என்று வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்களும் சொல்லவில்லை. ஏன் அப்பா?

ஒருவேளை நிற்கவேண்டி வந்தால் பிரசங்கத்துக்கு ஏதாவது கிடைக்கும் என்று உங்கள் குறிப்புக் கொப்பியை எடுத்தேன். லேவியராகமத்தில் அதிகாரத்துக்கு ஒரு பக்கம், நெருக்கி நெருக்கி எழுதியிருந்தீர்கள். இருபத்தோராம் அதிகாரத்துக்கு மட்டும் தலைப்பு இருந்தது: 'ஊனமுள்ள ஆசாரியன்.' அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அடுத்த பக்கம் இருபத்திரண்டு. ஒரு வசனத்தைக்கூட விட்டுவிட்டுப் போகாத ஆள் நீங்கள்.

கொப்பியோடு போய் அம்மாவுக்கு முன்னால் நின்றேன்.

"அம்மா, அப்பாவுக்கு முதலே தெரியுமோ?"

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அப்பாவின்ரை தகப்பன், உன்ரை அப்பப்பாவும் உப்பிடித்தான் போனவர். தள்ளாடித் தள்ளாடி நடப்பார். குடிகாரன் எண்டு ஊரிலை பேர். அந்த மனுசன் ஒரு துளி குடிச்சதில்லை."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கலியாணம் கட்டேக்கை சொல்ல வெளிக்கிட்டவர். நான்தான் மறிச்சனான். பிறகு ஹன்னா பிறந்திட்டாள். அதுக்குப் பிறகு சொல்லி என்ன செய்யிறது எண்டு விட்டிட்டார்."

நான் கத்தினேன் அப்பா. அறுபத்தெட்டு வயது அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அவர் அழவில்லை. "என்னை ஏசு. அவரை ஏசாதை," என்று மட்டும் சொன்னார்.

சோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். முடிவு வரப் பல வாரம் எடுத்தது. ஒரு வியாழன் காலை என் மனைவி சுகந்தியும் நானும் பேர்னுக்குப் போனோம். டொக்டர் உறையைத் திறக்கவேயில்லை. 'லைடர்' என்று தொடங்கினார். துரதிர்ஷ்டவசமாக என்று அர்த்தம். இந்த நாட்டில் வேலை மறுக்கிறவர்களும் வீடு மறுக்கிறவர்களும் எழுதும் எல்லாக் கடிதத்திலும் இருக்கும் சொல். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. சுகந்திதான் எழுதிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு என் முறை என்று அருள் மாமா எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அம்மா உங்கள் கறுப்புக் கோட்டைச் சுருக்கம் போக அழுத்தி வைத்திருந்தார். போட்டுப் பார்த்தேன். தோள் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அந்தக் கணத்தில் வந்த பயம், அப்பா, டொக்டரின் அறையில்கூட வரவில்லை.

முன்னால் போய் நின்று, நீங்கள் விட்ட அதிகாரத்தைத் திறந்தேன். ஆரோனின் சந்ததியில் பிறந்தாலும் உடலில் ஊனமுள்ளவன் பலிபீடத்துக்குக் கிட்ட வரக்கூடாது என்ற சட்டம். வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் சட்டம் அதோடு முடியவில்லை. அவன் தன் தேவனின் அப்பத்தைச் சாப்பிடலாம், மகா பரிசுத்தமானதையும் சாப்பிடலாம் என்று இருந்தது. அவனை ஒருவரும் வீட்டை விட்டுத் துரத்தவில்லை. இவ்வளவையும் எழுத உங்களுக்கு ஒரு பக்கம் காணாதா?

"அப்பாவின்ரை வருத்தம் எனக்கும் இருக்கு," என்றேன். "வியாழக்கிழமை சொன்னவை."

அருள் மாமா எழும்பி, "இரத்தத்திலை இருக்கு எண்டு நான்தானே..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது ராணி அக்கா எழும்பினார். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்பவர். கூட்டம் முடிந்தால் கிண்ணம் கழுவுவதும் அவர்தான். சபையில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"கூடாரம் முழுக்க ஒராளின்ரை தோளிலையே இருந்தது?" என்று கேட்டார். "திரைக்கு ஒரு வீட்டார், தூணுக்கு ஒரு வீட்டார் எண்டுதானே போதகர் படிப்பிச்சவர்? நாங்கள் எல்லாத்தையும் அந்த மனுசன்ரை தோளிலை ஏத்திப்போட்டு இருந்திட்டம். இப்ப பிள்ளையின்ரை தோளிலையும் ஏத்தப் பாக்கிறம்."

அவர் முன்னால் வந்து, மேசையிலிருந்த திருவிருந்துத் தட்டை எடுத்து, முதல் துண்டு அப்பத்தை எனக்கே நீட்டினார். நான் சாப்பிட்டேன்.

இப்போது வீட்டுக்கு ஒரு ஞாயிறு என்று முறை போட்டிருக்கிறார்கள். போன வாரம் ராணி அக்கா பேசினார். பத்து நிமிடம்தான். நன்றாக இருந்தது.

இனி ஹன்னா. இருபது வயது, நொஷாட்டலில் படிக்கிறாள், தன் அப்பப்பாவான நீங்கள் வயதால் போனீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவள். சபையில் சொன்ன அடுத்த சனி அவளிடம் போனேன். பீல் நிலையத்தில் ரயில் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழும்பியே விட்டேன். கதவு மூடிய பிறகுதான் உட்கார்ந்தேன். அங்கேதான் உங்களை எனக்குக் கொஞ்சம் விளங்கியது, அப்பா. நீங்களும் எனக்குச் சொல்ல வந்து, இப்படித்தான் ஒவ்வொரு முறையும் எழும்பியிருப்பீர்கள். உங்களுக்கு முன்னால் கதவு திறந்தே இருந்திருக்கும்.

ஏரிக்கரை மரவாங்கில் அவளைப் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பப்பாவுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"உங்களுக்கு?"

"எனக்கு இருக்கு எண்டு தெரிஞ்சு ஒன்பது நாள்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் இப்ப சோதிக்கமாட்டன். நீங்கள் என்னைக் கேக்கக்கூடாது."

"கேக்கமாட்டன்."

"எனக்குப் பயமா இருக்கு, அப்பா."

"எனக்கும்தான், பிள்ளை."

என் வாழ்நாளில் யாருக்கும் நான் சொன்ன உண்மைகளில் ஆகச் சின்னது அது. அவள் நகர்ந்து வந்து என் தோளோடு சாய்ந்து இருந்தாள். ஏரிக்காற்று முகத்தை வெட்டியது. அப்படியும் நாங்கள் எழும்பவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். என் நாக்குக் குழறத் தொடங்கும் நாளில், அது குளிர் என்றோ வயது என்றோ அவளுக்குச் சொல்லமாட்டேன். தொடங்கிவிட்டது என்று, அவளுக்கு விளங்கும்படி பேச முடிகிறபோதே சொல்லுவேன்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உங்கள் மகன்,
ஹன்னாவின் அப்பா